இரட்டை நீலம்

"இஸ்திரி மேஜை மேல ஈரத் துணியைப் போட்டிருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரியும். எடுக்கச் சொல்லு."

சொன்னவள் பெரியவள். எடுக்க வேண்டிய சின்னவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்று தலையணை உறைகளை உதறிக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவில் அழுக்குக் கூடையோடு நின்றவள் தந்தி.

தந்தி சின்னவள் பக்கம் திரும்பினாள். "அந்தத் துணி ரொம்ப பாரமா இருந்திருக்கும் போல, அங்கயே வச்சுட்டீங்க. கொஞ்சம் நகர்த்தினா நல்லாருக்கும்னு சொல்றாங்க."

"பாரமெல்லாம் ஒண்ணுமில்ல. மேஜையை யாரும் பொறந்த வீட்டுலேருந்து தூக்கிட்டு வரலன்னு சொல்லு."

தந்தி பெரியவள் பக்கம் திரும்பினாள். "இதோ எடுத்துடறாங்களாம்."

அவள் சம்பளம் வாங்குவது அழுக்கைப் பிரிப்பதற்கு. வெள்ளை ஒரு பக்கம், சாயம் போகிறது ஒரு பக்கம், கறை பட்டது தனியே. மழை தொடங்கியதிலிருந்து இந்த வேலையும் அவள் தலையில் விழுந்தது. தந்தி என்று பேர் வைத்தது சின்னவளின் புருஷன். கம்பி வழியாகப் போகிற தந்தி உள்ளது உள்ளபடி போய்ச் சேரும். இந்தத் தந்தி அப்படியில்லை. சலவைக்கடையில் வேலை பார்த்த தோஷமோ என்னவோ, வார்த்தையையும் அழுக்கு எடுத்துத்தான் கொடுப்பாள்.

அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே வீடு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சலவைக்கடை. அண்ணன் வேன் ஓட்டுவான், வெளியாளிடம் பேசுவான். தம்பி கொதிகலனைப் பார்த்துக்கொள்வான். மற்றதெல்லாம் இந்த ஓரகத்திகள் இரண்டு பேர் கையில். ஊரிலேயே பெரிய ஹோட்டலின் படுக்கை விரிப்பு அத்தனையும் இங்கேதான் வந்தது. கடைக்கு முக்கால் சோறு அதிலிருந்துதான்.

சண்டைக்குக் காரணம் ஒரு கோட்டு. மழை தொடங்கின அன்று எவனோ ஒருவன் மைக்கறை பட்ட கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்தான். பெரியவள் விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது போகாதுங்க" என்றாள். பின்னாலிருந்து சின்னவள் குரல் கொடுத்தாள்: "அக்காவுக்குத் தெரியாது, என்கிட்ட குடுங்க." வாங்கினாள். என்ன செய்தாளோ, கறை போய்விட்டது. வந்தவன் இரண்டு கையாலும் கோட்டைத் தூக்கிப் பிடித்து, "இந்தம்மா கைதான் கை" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு நின்றது பேச்சு. கறை போகாமல் இருந்திருந்தால் மறுநாளே பேசியிருப்பாள் பெரியவள். போனதுதான் வினை.

பேசாவிட்டாலும் வேலை நின்றுவிடுமா. விரிப்பு மடிக்க இரண்டு ஆள் வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலை. இழுத்து, உதறி, நடுவில் வந்து சேர்ந்து, மூலையைக் கைமாற்றி, திரும்பப் பின்னால் போக வேண்டும். மூக்கும் மூக்கும் முட்டுகிற தூரத்துக்கு வருவார்கள். பார்வை மட்டும் ஆளுக்கொரு சுவரில் இருக்கும்.

அப்படியிருக்கையில் ஒருநாள் தந்தி கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போய்விட்டாள்.

மழை அன்று விடவேயில்லை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் இயந்திரம் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று கை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஹோட்டல் வெள்ளை உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. கடைசி அலசலில் நீலம் போட வேண்டும். வழக்கமாக, "நீலம் போட்டாச்சான்னு கேளு" என்பாள் பெரியவள். தந்தி கேட்டு வந்து சொல்லுவாள்.

பெரியவள் நீல டப்பாவைப் பார்த்தாள். மூடி இறுக்கமாக இருந்தது. சின்னவள் கை வைத்த டப்பா எதுவும் மூடிக் கிடந்ததாகச் சரித்திரமே இல்லை. சோப்புத் தூளானாலும் சரி, வீட்டில் உப்பு ஜாடியானாலும் சரி, வாயைப் பிளந்துகொண்டுதான் கிடக்கும். ஆக, இன்னும் போடவில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று திரும்பினாள். நாலடி தள்ளி சின்னவளின் முதுகு தெரிந்தது. கேட்டால் வாய் தேய்ந்துவிடுமா? தேய்ந்துவிடும் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது. கலக்கி ஊற்றிவிட்டு நகர்ந்தாள்.

சாயங்காலம் மடிக்கும்போது பார்த்தாள். விரிப்பு ஒரு மாதிரியாக இருந்தது. டியூப்லைட் வெளிச்சம் என்று சொல்லிக்கொண்டாள். இன்னொன்றைப் பிரித்தார்கள். மழை இருட்டு என்று சொல்லிக்கொண்டாள். எதிரே சின்னவளும் ஒரு நொடி மூலையை விரல்களுக்கிடையில் வைத்து உற்றுப் பார்த்தாள். பார்த்ததைப் பெரியவளும் பார்த்தாள். அவளே வாயைத் திறக்கட்டுமே என்று இவள் நின்றாள். இவளே திறக்கட்டும் என்று அவள் நின்றிருப்பாள். ஒருத்தியும் திறக்கவில்லை. கட்டு கட்டாக வேனில் ஏறிப் போயிற்று அத்தனையும்.

மறுநாள் சாப்பாட்டு வேளைக்கு வேன் திரும்பி வந்தது. போன சுமை அப்படியே இருந்தது. பெரியவளின் புருஷன் பின்கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றான். மழை சற்று ஓய்ந்து வெளிச்சம் வந்திருந்தது.

கொதிகலன் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த தம்பி, "என்னண்ணே இது, வானத்தை மடிச்சு வேன்ல ஏத்திட்டு வந்திருக்க" என்றான்.

"சிரிடா, நல்லாச் சிரி. வெளியூர்லேருந்து மீட்டிங்குக்கு வந்த ஒருத்தன் வெள்ளைச் சட்டையோட அதுல படுத்திருக்கான். வேர்வையில முதுகு பூரா நீலம் ஏறியிருக்கு. அது தெரியாம நூறு பேருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு போர்டுல எழுதி எழுதி விளக்கியிருக்கான்."

தம்பி வாயைப் பொத்திக்கொண்டான்.

"யார் பண்ணினதுன்னு மேனேஜர் கேட்டான். தப்புப் பண்ணின ஆளை நிறுத்தணும், இல்லேன்னா வேற கடை பாத்துக்கறோம்னான். தந்திதான் பண்ணினா, இன்னியோட நிறுத்திடறோம்னு சொல்லிட்டேன். ஒத்துக்கிட்டான்."

"அவ நேத்து இங்க இல்லவே இல்லையே" என்றாள் பெரியவள்.

"அதனாலதான் சொன்னேன். இருந்தவங்க மேல சொன்னா சண்டை வரும். இல்லாத ஆளுக்கு என்ன தெரியும்?"

"இல்லாத ஆளு எப்படிங்க நீலம் போடும்?"

"அது நமக்குத் தெரியும். ஹோட்டலுக்குத் தெரியாதுல்ல. இங்க பாரு, தொழில்ல மொதல் பாடம், வாடிக்கையாளர்தான் ராஜா. சலவைக்கடை சங்கத்துக் கூட்டத்துல அன்னிக்கே சொன்னாங்க."

"ராஜாவுக்கு எங்கெங்க அழுக்குப்படும்னு நமக்குல்ல தெரியும். சங்கத்துக்கா தெரியும்?"

பின்னால் அரவம் கேட்டது. கறைத் துணிக் கூடைக்கு அந்தப் பக்கம் தந்தி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. வாயில் பஞ்சு. பேச முடியாது. இடுப்பில் கட்டியிருந்த ரப்பர்த் துணியின் முடிச்சை மெதுவாக அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் சம்பளத்தில்தான் மகள் படிக்கிறாள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அழவில்லை. சாயம் போகிற துணியைத் தனியே எடுத்துப் போடுவாளே, அதே நிதானத்தோடு அவிழ்த்தாள்.

"எங்க போற?" என்றாள் பெரியவள்.

தந்தி கையை வேன் பக்கம் காட்டினாள்.

"முடிச்சைப் போடு."

"நீ ஏன் இப்பிடிக் குதிக்கிற?" என்றான் புருஷன். "அவளுக்கு வேற எங்கயாவது வேலை பாத்துக் குடுப்போம். தொழில்ல உணர்ச்சி கூடாது."

"நான்தான் நீலம் போட்டேன்."

"நான்தான் போட்டேன்" என்று அதே சமயத்தில் இன்னொரு குரல் கேட்டது. சின்னவள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மழை தொடங்கியதிலிருந்து நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான். பெரியவளுக்குச் சுர்ரென்று கோபம் தலைக்கு ஏறிற்று. 'உன்னை யார் போடச் சொன்னதுன்னு கேளு' என்று தந்தியிடம் திரும்பினாள். தந்தி வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். இன்றைக்குத் தந்தி ஆபீஸ் மூடியிருந்தது.

தம்பிதான் மெல்லச் சொன்னான்: "அப்ப ரெட்டை நீலம்."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்றான் அண்ணன். "வீட்டுப் பொம்பளைங்களே தப்புப் பண்ணாங்கன்னு வெளிய தெரிஞ்சா கடைக்கு மரியாதை போயிரும். வேலையாளு தப்புன்னா ஆளோட போயிரும்."

"இன்னிக்கு இவளோட போகும்" என்றாள் பெரியவள். "நாளைக்கு இன்னொரு தப்பு நடக்கும். இத்தனை துணி துவைக்கற எடத்துல நடக்காமலா இருக்கும்? அப்ப ஒருத்தி. அதுக்கப்புறம் இன்னொருத்தி. கடைசியில நீங்களும் உங்க மரியாதையும் மட்டும் நின்னு துவைப்பீங்க. அதுவும் போகட்டும். இனிமே ஏதாவது கெட்டுப்போனா இங்க யாராவது வந்து சொல்லுவாளா? ஒளிச்சுத்தான் வைப்பா. ஒளிச்சு வச்ச கறை போகுமா? துவைக்கறவனுக்கு இதுகூடத் தெரியாதா?"

"நான் வாக்குக் குடுத்துட்டேன்டி."

"அது உங்க வாக்கு. நாளைக் காலையில நான் ஹோட்டலுக்கு வரேன். என் வாக்கை நான் சொல்லிக்கறேன்."

சின்னவள் தன் புருஷனிடம் திரும்பினாள். "நானும் போறேன்னு உங்க அண்ணன்கிட்டச் சொல்லுங்க."

"எல்லாருக்கும் கேக்குதே" என்றான் தம்பி.

"சொல்லுங்க."

"அண்ணே, இவளும் வராளாம்."

காலையில் வேனின் முன்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். பெரியவள் நடுவில். புருஷன் கியர் மாற்றும்போதெல்லாம் அவள் முழங்காலை ஒதுக்க, சின்னவள் கதவோடு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டாள். கண்ணாடியில் துடைப்பான் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தது. எழுபது கட்டு விரிப்பு போய்விட்டால் மாதம் எப்படி ஓடும், கொதிகலன் யாருக்காக எரியும் என்று பெரியவளின் நெஞ்சுக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பிப் போகலாம் என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

ஹோட்டலின் பின்வாசல் வழியாகப் போனார்கள். துணி வைக்கும் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. மேனேஜர் இளவயசுக்காரன், புதுசாக வந்தவன். இடுப்பில் சாவிக்கொத்து. உட்காரச் சொல்லவில்லை. பெரியவள் தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சின்னவள் அவனுக்கு அந்தப் பக்கம் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"நேத்தே பேசி முடிச்சாச்சே. அந்த அம்மாவை நிறுத்தியாச்சுல்ல?"

"இல்ல தம்பி. நிறுத்தலை. அந்தம்மா அன்னிக்குப் பல்லு பிடுங்கப் போயிருந்தாங்க, கடையிலயே இல்ல. நீலம் போட்டது நான்."

"நானும்" என்றாள் சின்னவள்.

மேனேஜர் வாசலில் நின்ற பெரியவளின் புருஷனைப் பார்த்தான். அவன் கூரையைப் பார்த்தான்.

"ரெண்டு பேருமா? ஏன் ரெண்டு தடவை?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். அவகிட்டக் கேளுங்க" என்றாள் பெரியவள். "சொல்லாம கொள்ளாம அன்னிக்கு ஏன் முந்திக்கிட்டான்னு."

மேனேஜர் ஒரு நொடி விழித்தான். பிறகு சின்னவள் பக்கம் திரும்பி, "ஏன் முந்திக்கிட்டீங்கன்னு கேக்கறாங்க" என்றான்.

"அலசல் தண்ணி வந்துருச்சு, போட்டேன். முந்தறதும் பிந்தறதும் அவங்களுக்குத்தான் கணக்கு, எனக்கு இல்லன்னு சொல்லுங்க."

"அவங்களுக்குக் கணக்கு இல்லையாம்" என்றான் இந்தப் பக்கம் திரும்பி.

"போட்டவ டப்பாவைத் திறந்து போட்டிருக்கணும்ல? மூடி இறுக்கமா இருந்துச்சு. அவ தொட்ட டப்பா என்னிக்கு மூடியிருந்துச்சுன்னு கேளுங்க."

"மூடி ஏதோ இறுக்கமா..." என்று மேனேஜர் திரும்புவதற்குள் சின்னவள் எழுந்துவிட்டாள்.

"நீங்க சொன்னீங்கன்னுதான் மூடினேன்."

மேனேஜரைத் தாண்டி, அக்காவிடம் நேராகச் சொன்ன வார்த்தை அது.

"வந்த நாளாச் சொல்றீங்கல்ல, மூடு மூடுன்னு. கொஞ்ச நாளா மூடிக்கிட்டுத்தான் இருக்கேன். சோப்பையும் மூடறேன், சோடாவையும் மூடறேன். வீட்டுல உப்பு ஜாடியைக்கூட மூடறேன். திறந்து கிடந்தா ஒரு நாளைக்கு ஒம்பது தடவை சொல்றீங்க. மூடினதை ஒரு தடவை பாத்தீங்களா அக்கா?"

பெரியவளுக்கு உப்பு ஜாடி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஆமாம். கொஞ்ச நாளாக மூடித்தான் இருந்தது. எறும்பு வரவில்லையே என்றுகூட நினைத்திருந்தாள். ஏன் என்று நினைக்கவில்லை.

"அந்தக் கோட்டுக் கறையை நான் எடுத்தேன்" என்றாள் சின்னவள். "எவனோ கோட்டுக்காரன் நல்லாருக்குன்னான். நீங்க சொன்னீங்களா?"

"அக்காவுக்குத் தெரியாதுன்னு வந்தவன் முன்னால சொன்னியேடி. அதுக்கு நான் கை தட்டணுமா?"

"சொன்னது தப்பு. எடுத்தது தப்பா?"

"எடுத்தது தப்பில்ல."

"அப்ப?"

"அப்ப என்ன அப்ப. உன்னால முடிஞ்சுது, என்னால முடியலை. அதான் சொல்லலை. போதுமா?"

தட்டுகளோடு வாசல் வழியே வந்த சமையல்கட்டு ஆள் ஒருவன் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மேனேஜர் சாவிக்கொத்தை மேஜையில் தட்டினான்.

"அம்மா, உங்க குடும்பக் கதை எனக்கு வேணாம். எனக்கு ஒரு ஆள் வேணும். நடவடிக்கை எடுத்தாச்சுன்னு மேலிடத்துக்குக் காட்டணும்."

"எங்க ரெண்டு பேரையும் காட்டுங்க."

"முதலாளிங்களை எப்படிம்மா நிறுத்தறது?"

"முடியாதுல்ல. அப்ப யாரையும் நிறுத்த முடியாது. பண்ணினவங்க நாங்க."

"யாரோ ஒருத்தரைச் சொன்னாப் போதும். மேலிடத்துக்காரங்க நேர்ல வந்து பாக்கப் போறதில்ல. அந்தப் பல்லு வலிக்கார அம்மாவைத் திரும்ப ரெண்டு மாசம் கழிச்சுக்கூட வச்சுக்கோங்க, எனக்கென்ன."

"ரெண்டு மாசம் அவ வீட்டுல என்ன திங்கறது?" என்றாள் சின்னவள். "பஞ்சையா?"

"தம்பி, ஒண்ணு கேக்கறேன்" என்றாள் பெரியவள். "உங்க சமையல்கட்டுல உப்பு கூடினா யாரையாவது நிறுத்துவீங்களா?"

"நிறுத்தியிருக்கோம்."

"அதுக்கப்புறம் உப்பு சரியாச்சா?"

தட்டுக்காரன்தான், "இப்ப போடறதேயில்லம்மா, பயந்துகிட்டு" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தான்.

மேனேஜரின் காது சிவந்துவிட்டது. "ஆளைச் சொல்ல முடியாதுன்னா இதோட முடிச்சுக்கலாம். வேற கடை பாத்துக்கறோம்."

வாசலில் நின்ற புருஷன் ஓரடி உள்ளே வந்தான். "சார், கொஞ்சம்..."

"நீங்க இருங்க" என்றாள் பெரியவள். எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டாள். "முடிச்சுக்கலாம் தம்பி. ஆனா நீலத்தோட விட்டுட்டுப் போக மாட்டோம். அத்தனையையும் வெந்நீர்ல ஊறப்போட்டு எடுத்து, வெள்ளையாக்கி, இந்த அலமாரியில அடுக்கிக் குடுத்துட்டுத்தான் போவோம். அதுக்குக் கூலி வேணாம். அந்த மீட்டிங்குக்காரர் சட்டையையும் குடுங்க."

"சட்டை என் பொறுப்பு" என்றாள் சின்னவள்.

வேனில் சாவியைப் போட்ட பிறகுதான் பெரியவளின் புருஷன் ஆரம்பித்தான். "ஆச்சு. ராஜாவை அனுப்பியாச்சு. கையில சாமரம்தான் மிச்சம். இனிமே வேலையே இல்ல, தந்தியை வச்சுக்கிட்டு என்ன பிரிக்கப் போறீங்க? காத்தையா?"

பெரியவளுக்கு அறைக்குள் இருந்தவரை வீம்பில் பயம் தெரியவில்லை. வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் அந்த அறைக்குத் திரும்பிப் போய் வேறு மாதிரி சொல்லலாமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். ஒரு எழுத்தும் மாறாது என்றுதான் தோன்றியது.

"மாமா, வண்டியைப் பட்டறைத் தெரு வழியா விடுங்க" என்றாள் சின்னவள்.

"அங்க என்ன?"

"அழுக்கு இருக்கு. ஹோட்டல்ல இருக்கறதா அழுக்கு? அங்க போய்ப் பாருங்க."

"பட்டறைக்காரன் எவன் துணியை வெளிய போடறான்?"

"போய்க் கேட்டவங்க யாரு, அவன் போடலைன்னு சொல்றதுக்கு?" என்றாள் பெரியவள். சொன்ன பிறகுதான் தெரிந்தது, இரண்டு பேரும் ஒரே கட்சியில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முதல் பட்டறையில் ஆள் இல்லை. இரண்டாவதில், "துவைச்சா மட்டும் வெளுக்கப் போகுதா, போங்கம்மா" என்று சொல்லிவிட்டான். மூன்றாவது பெரிய பட்டறை. லாரிகளைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். பட்டறைக்காரர் கை முழங்கை வரைக்கும் கறுப்பு. மூலையில் வேலையாட்களின் முழுநீள உடுப்புகள் குவிந்து கிடந்தன. தார் பூசிய தகரம் மாதிரி விறைத்து, கால் மடங்காமல் தாமே நின்றுவிடும் போலிருந்தன.

"இது போட்டு உடம்பெல்லாம் சொறி சொறியா வருதுன்னு பசங்க சொல்றானுங்க" என்றார் அவர். ஒன்றை எடுத்துப் பெரியவளிடம் நீட்டினார். "வருஷக்கணக்கான கிரீஸ். போகுமா?"

பெரியவள் கட்டை விரலால் தேய்த்தாள். போகாது. அவள் விரலுக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. போகும் என்று சொன்னால் துணி வேனில் ஏறும், தந்திக்குப் பிரிப்பதற்கு ஒரு மலை கிடைக்கும். போகாது என்றால் அடுத்த பட்டறை. வாய் வரைக்கும் வந்ததை நிறுத்தினாள்.

"இவளைக் கேளுங்க" என்றாள். "கறை விஷயத்துல இவ சொன்னா அதுதான். என்னைவிட இவளுக்கு நல்லாத் தெரியும்."

சின்னவள் உடனே துணியை வாங்கவில்லை. ஒரு நொடி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாங்கி, முகர்ந்து, மடித்து, நகத்தால் சுரண்டி, உள்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"போகாதுங்க" என்றாள்.

பட்டறைக்காரரின் முகம் தொங்கிற்று. வேனிலிருந்து ஹார்ன் சத்தம் கேட்டது.

"கறுப்பு முழுசாப் போகாது. போகும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. ஆனா எண்ணெய் போயிரும், நாத்தம் போயிரும், விறைப்பும் இருக்காது. சொறி நிக்கும். பாக்கறதுக்கு அழுக்கா இருக்கும், உடம்புக்குச் சுத்தமா இருக்கும். அது போதும்னா குடுங்க."

"வெளுத்துத் தரேன்னு சொல்லிட்டு ரெண்டு பேர் வாங்கிட்டுப் போய் கிழிச்சுக் குடுத்தானுங்க" என்றார் அவர் யோசனையாக. "முடியாதுன்னு சொல்லிக்கிட்டு வேலை கேக்கறது நீங்கதான்மா. எடுத்துட்டுப் போங்க."

"சலவைச் சோடாவுல தனியா ஊறப்போடணும்க்கா" என்றாள் சின்னவள் அவரை விட்டுவிட்டு. "வெள்ளைத் தொட்டியில போட்டா நாசமாயிரும்."

"பின்னால இருக்கற பழைய தொட்டியைக் கழுவிக்கலாம். ரெண்டு தண்ணி போதுமா?"

"மூணு. மொத தண்ணி கொதிக்கக் கொதிக்க."

"உள்பக்கம் வெளிய வர மாதிரி திருப்பிப் போட்டா?"

"அது எனக்குத் தோணலையே."

ஹார்ன் மறுபடியும் அடித்தது, இந்தத் தடவை விடாமல். பெரியவள் பட்டறை வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்துச் சொன்னாள்:

"சும்மா அடிக்காதீங்க. பேசிக்கிட்டிருக்கோம்ல."